கதவோரப் பெஞ்சின் டிரிப் ஷீட்

"பொய் சொல்லாத! வாய்க்கு வாய் பேசிட்டே போறியே, இதுல என்ன எழுதியிருக்குன்னு நீயே படி. சத்தமா படி!"

"நான் ஏன் படிக்கணும்? அது பொய்!"

"டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்காங்கடி! கையெழுத்துப் போட்ட பேப்பர் பொய் சொல்லுமா?"

"சொல்லும். உன் கையில இருக்கே, அது சொல்லுது!"

எதிர்வீட்டில் தையல் மெஷின் சத்தம் நின்றது. டெய்லரம்மாவின் மெஷின் நின்றால் அங்கே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இந்த வீட்டில் ஏதோ ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். ஜன்னல் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கிவிட்டு, நூல் கோர்ப்பதுபோல் ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அந்த ஊசியில் அன்று சாயங்காலம் முழுக்க நூல் ஏறவில்லை.

சண்டை போட்டுக்கொண்டிருந்தது டைமக்காவும் அவள் மகளும். டைமக்கா பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். துணி அலமாரி அளவுக்கு ஒரு கூண்டு, அதில் ஒரு கடிகாரம், ஒரு சீல், ஒரு மைப்பெட்டி. உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு பஸ்ஸின் நேரத்தையும் டிரைவரின் டிரிப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக டிரைவர்கள் அந்தக் கூண்டின் ஓட்டையில் தலையை நுழைத்துக் கதை சொல்லியிருக்கிறார்கள். டயர் வெடித்தது, பாலத்தில் கூட்டம், நடுவழியில் ஒரு கர்ப்பிணி. டைமக்கா தலையை நிமிர்த்தியதே இல்லை. "வாய் வேண்டாம். ஷீட்டக் காட்டு." அவ்வளவுதான் பேச்சு. தெரு அவளுக்கு வைத்த பெயரை முதல் சில வருஷம் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். பிறகு அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையை மட்டும் வாய்ப்பேச்சுக்கு நம்பிவிடுவாளா?

அன்று பள்ளியிலிருந்து வந்த காகிதம், அடுத்த வருஷம் எந்தப் பிரிவு என்கிற பரிந்துரைப் படிவம். மகளுக்கு வீட்டில் நண்டு என்று பெயர். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். நண்டு கேட்டிருந்தது கணக்குப் பிரிவு. கணக்கு டீச்சர் வளைந்து வளைந்து போகும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது இது: "கணிதத்தில் ஆர்வம் குறைவு. பாடவேளையில் அடிக்கடி வகுப்பில் இருப்பதில்லை. தையல், தட்டச்சுப் பிரிவுக்குப் பரிந்துரைக்கிறேன்." கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. முப்பதாம் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும்.

"வகுப்புல இல்லேன்னா எங்கடி இருந்த? கடைத்தெருவா? சினிமாவா? எவனாவது..."

"அம்மா!"

"விடேன், புள்ள சொல்றத ஒரு தடவ கேளேன்" என்றார் அப்பா. அவர் வெல்டர். வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்பவர். இரும்பையே வளைக்கிற மனிதருக்கு வீட்டுக்குள் குரல் மட்டும் எழும்பாது. கேட் ஒன்றுக்கு எத்தனை கம்பி, எந்தக் கோணத்தில் வெட்டினால் துண்டு வீணாகாது என்றெல்லாம் இரண்டு வருஷமாக அவருக்குப் போட்டுக் கொடுப்பது நண்டுதான். அதனால் 'ஆர்வம் குறைவு' என்பதைப் படித்தபோது அவருக்கு யாரோ வேறு வீட்டுப் படிவம் மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது.

"நீங்க சும்மா இருங்க. செல்லம் குடுத்துக் குடுத்துத்தான் இது இங்க வந்து நிக்குது."

"டீச்சர்தான் அனுப்புறாங்க!" நண்டு கத்தினாள். "தெனமும் அவங்கதான் என்ன வெளிய அனுப்புறாங்க!"

"எல்லா டிரைவரும் இதத்தான் சொல்றான். லேட்டானா டிப்போதான் லேட்டாக்குச்சாம்."

"அப்ப ஷீட்டப் பாரு!"

கணக்கு நோட்டு ஒன்று பறந்து வந்து டைமக்காவின் மடியில் விழுந்தது. பின்பக்கம் திறந்திருந்தது.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நேரம் எழுதும் பழக்கம் உண்டு. சமையலறைச் சுவரில் பால் பொங்கிய நேரம்கூட இருக்கும் என்று டெய்லரம்மா சொல்வார். அது கொஞ்சம் மிகை. குழாயில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், அப்பா பட்டறைக்குப் போன நேரம், இவ்வளவுதான் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பெண், வெளியே போகும்போது மணி பார்த்து எழுதாமல் என்ன செய்வாள்? புகார் செய்ய வேண்டும் என்றெல்லாம் அவள் எழுதவில்லை. மற்றப் பிள்ளைகள் நோட்டின் பின்பக்கத்தில் பூப்போடுவதுபோல் இவள் கோடுபோட்டு நேரம் எழுதியிருந்தாள். போனது, வந்தது, காரணம்.

கணக்கு வகுப்பு பத்து மணிக்கு ஆரம்பித்துப் பத்தே முக்காலுக்கு முடியும். 10.05, 10.22, பிளாஸ்க்கில் டீ. 10.10, 10.31, ஸ்டாஃப் ரூமில் மறந்த மூக்குக் கண்ணாடி. அங்கே இல்லை, கைப்பையிலேயே இருந்தது. 10.02, 10.25, டீச்சர் மகனுக்கு ஆறாம் வகுப்பில் சாப்பாட்டுக் கூடை. 10.15, 10.40, வேன்காரரிடம் அரைமணி கழித்து வரச் சொல்ல. வேன்காரர் அங்கே இல்லை, தேடியது.

டைமக்கா பக்கத்தைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். அவள் சத்தம் போடும்போது தெரு பயப்படாது, சத்தம் நின்றால்தான் பயப்படும். டெய்லரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, நேராகத் தெருவைக் கடந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னக்கா, ரொம்ப நேரமா சத்தத்தயே காணோம்?"

"பாடம் நடக்கிற நேரத்துல பாதி வெளியதான் இருந்திருக்கா" என்றாள் டைமக்கா, யாருக்கும் சொல்லாததுபோல். பிறகு மகளைப் பார்த்து, "உன்ன மட்டுமா?"

"கதவோரப் பெஞ்சு ஆறு பேரையும். மாத்தி மாத்தி. எனக்குத்தான் ஜாஸ்தி. நான் வேகமா போயிட்டு வருவேனாம்."

"முன் பெஞ்சு?"

"அவங்கள எதுக்கும்மா அனுப்புவாங்க?" என்றாள் நண்டு. ஆகாயம் ஏன் மேலே இருக்கிறது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முன் பெஞ்சில் டாக்டர் மகள், ஆபீசர் மகன், ஹார்டுவேர் கடை முதலாளியின் இரட்டையர். கதவோரத்தில் வெல்டர் மகள், கேன்டீன்காரர் மகள், இன்னும் அந்த வகையறா நாலு பேர். யாரும் சொல்லி உட்கார்ந்ததில்லை. வருஷ ஆரம்பத்தில் டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டாராம். பதில் சொல்லிவிட்டு எல்லோரும் திரும்ப உட்கார்ந்தபோது இடம் தானாக அப்படி அமைந்துவிட்டதாம். என்ன அதிசயமோ!

டெய்லரம்மாவுக்கு வேறொரு குறை இருந்தது. "அது சரி. ஆனா தையல் பிரிவுன்னா என்ன, அவ்வளவு கேவலமா? நான் கேவலமாவா இருக்கேன்?"

"தையல யாரு கொற சொன்னா? பிடிச்சுப் போறவ போகட்டும், நானே கொண்டுபோய் விடறேன். இவளக் கேக்காமயே பஸ்ஸுல ஏத்தி, எங்க எறங்கணும்னு டிக்கெட்டும் கிழிச்சிட்டாங்க. அதத்தான் சொல்றேன்."

மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. டைமக்கா அந்த நோட்டின் மடங்கிய ஓரங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நீவி நிமிர்த்தினாள். அத்தனை பக்கங்களையும் நிமிர்த்தினாள். நண்டுவுக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் பாதி நாள் லீவு போட்டுவிட்டு டைமக்கா பள்ளிக்குப் போனாள். ஹெட்மாஸ்டர் அறையில் மேஜைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான். அதில் டாக்டர் மனைவி உட்கார்ந்து, தன் மகளுக்குக் கணக்குப் பிரிவிலேயே எந்த ஜன்னலோரம் காற்று வரும் என்பதைப் பேசிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போனதும் ஹெட்மாஸ்டர் அந்த நாற்காலியில் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். டைமக்கா நின்றாள்.

நின்றுகொண்டே நோட்டை நீட்டினாள். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகவே பார்த்தார்.

"ரொம்ப அழகா எழுதியிருக்கா. ஆனா இதுல யாரு கையெழுத்தும்மா இருக்கு?"

டைமக்கா நோட்டைத் திரும்ப வாங்கி ஒருமுறை புரட்டினாள்.

"புள்ளைங்க நோட்டுப் பின்னாடி ஆயிரம் கிறுக்கும். அத வெச்சு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ள டீச்சர நான் கேள்வி கேக்க முடியுமா? படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருங்க. முப்பதாம் தேதி தாண்டினா எப்படியும் தையல் பிரிவுதான் விழும். உங்கள மாதிரிக் குடும்பத்துக்கு அதுதான் நல்லதும்மா, சீக்கிரம் ஒரு வேலன்னு ஆயிரும்."

கையெழுத்தில்லாத ஷீட். அதைச் சொல்லித்தான் பதினெட்டு வருஷமாக எத்தனையோ டிரைவர்களை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதில் உண்மையைச் சொன்னவன் எத்தனை பேரோ! பஸ் நிலையம் வரைக்கும் நடந்தே வந்தாள். வழியில் எதிர்ப்பட்ட இரண்டு டிரைவர்கள் வணக்கம் வைத்தார்கள். அவர்கள் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கூண்டுக்குள் போய் உட்கார்ந்து மைப்பெட்டியை மூடினாள், திறந்தாள். மேஜைக்கு அடியில், புது மாடல் வந்த பிறகு கழித்துப்போட்ட பழைய டிரிப் ஷீட் கட்டு ஒன்று கிடந்தது. கைதுடைக்கத்தான் அதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். புறப்பட்ட நேரம், வந்த நேரம், காரணம், அதிகாரி கையொப்பம். கோடெல்லாம் கச்சிதமாகப் போட்டிருந்தது. டிப்போ மேனேஜரிடம் கேட்டாள். "அந்தக் குப்பையா? எடுத்துட்டுப் போங்கக்கா, எடம் காலியாகட்டும்" என்றார்.

வீட்டில் அதை நண்டுவின் முன்னால் வைத்தாள்.

"இனிமே டீச்சர் எங்க அனுப்பினாலும் போ. மொகம் சுளிக்காம போ. ஆனா இதுல நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்து வாங்காம வண்டி எடுக்காத."

"திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும்."

"அடிச்சா?"

"அடிச்ச நேரத்தையும் எழுது."

நண்டு முதலில் சிரித்தாள். பிறகு, "மத்த அஞ்சு பேருக்கும் வேணும்" என்றாள். டைமக்கா கட்டைப் பிரித்தாள்.

இனி நடந்ததுதான் வேடிக்கை. கணக்கு டீச்சர் திட்டுவார், ஷீட்டைக் கிழித்துப் போடுவார் என்றெல்லாம் தாயும் மகளும் பயந்துகொண்டிருந்தார்கள். டீச்சரோ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்! "அம்மாவாட்டமே வந்திருக்கியே, கண்டக்டரம்மா!" என்று கன்னத்தைக்கூடத் தட்டினாராம். டீக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, கூடைக்கு ஒன்று. வளைந்து வளைந்து போகும் அதே அழகான கையெழுத்து. ஸ்டாஃப் ரூமில் அதைச் சொல்லிச் சிரித்ததாகக் கேன்டீன்காரர் சொன்னார். டீ ஊற்றுகிறவர் காதில் விழாத விஷயம் அந்தப் பள்ளியில் எது?

"பயமே இல்லாம போடுறாங்களே!" என்று வெல்டர் ஆச்சரியப்பட்டார்.

"தப்புன்னு தெரிஞ்சாத்தானே பயம் வரும்" என்றாள் டைமக்கா.

தினமும் சாயங்காலம் ஆறு பிள்ளைகளும் டைமக்கா வீட்டு வாசலில் வந்து ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் கூண்டில் செய்வதுபோலவே ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். "இங்க வந்த நேரம் எழுதல, ஏன்?" என்று கேன்டீன்காரர் மகளை ஒருநாள் நிற்க வைத்துக் கேட்டாள். அந்தப் பெண், "மணி அடிச்சிருச்சு அத்தை, வகுப்பே முடிஞ்சிருச்சு" என்றாள். டைமக்கா அந்தக் கட்டத்தில், 'திரும்பவில்லை' என்று சிவப்பு மையில் எழுதினாள்.

எட்டு நாள் இப்படி ஓடியது. ஒன்பதாம் நாள் டீச்சருக்கு என்னமோ உறுத்தியிருக்கிறது. ஒருவேளை முன் பெஞ்சு டாக்டர் மகள், "டீச்சர், நாங்க எப்ப டிரிப் போகலாம்?" என்று விளையாட்டாகக் கேட்டதாக இருக்கலாம். பிளாஸ்க்கை நீட்டியவர், ஷீட்டைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"போதும் உங்க கூத்து. கையெழுத்தெல்லாம் கெடையாது. போயிட்டு வா."

"கையெழுத்து இல்லாம வண்டி எடுக்காது டீச்சர்" என்றாள் நண்டு.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன் பெஞ்சும்தான்.

"திமிரா? வெளிய போய் நில்லு!"

நண்டு வெளியே போனாள். வராந்தாவில், ஜன்னலை ஒட்டி நின்றாள். நிற்க வைத்தார்கள், ஆனால் எங்கும் அனுப்பவில்லை. முக்கோணத்தின் கோணங்களைப் பற்றிய பாடம் அன்று. ஆரம்பம் முதல் மணி அடிக்கும்வரை நாற்பது நிமிஷம் முழுசாகக் கேட்டாள். அந்த வருஷத்தில் அவள் ஒரு கணக்குப் பாடத்தை நடுவில் விடாமல் கேட்டது அதுதான் முதல்முறை. சாயங்காலம் வந்து அம்மாவிடம், "நின்னது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். டைமக்கா உள்ளே போய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே துடைத்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி அவள் திரும்பவும் பள்ளிக்குப் போனாள். கூடக் கேன்டீன்காரர் வந்தார். நண்டு அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றாள். அழைக்காமலே டெய்லரம்மாவும் வந்தார், "ஒரு தொணைக்கு" என்று. அந்தத் துணை இல்லாவிட்டால் அறைக்குள் நடந்தது நமக்கெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்?

நாற்காலியில் அன்றும் ஃபைல் இருந்தது. டைமக்கா அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஹெட்மாஸ்டர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கையெழுத்து கேட்டீங்க சார். கொண்டு வந்திருக்கேன்."

கட்டை அவிழ்த்து ஷீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். மேஜை நிரம்பியது. ஹெட்மாஸ்டர் ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது. மணியடித்துக் கணக்கு டீச்சரை வரவழைத்தார்.

டீச்சர் வந்ததும் டைமக்கா எழுந்து நின்றாள். மரியாதை மரியாதைதான்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே டீச்சர்?"

"ஆமா, என்னோடதுதான். அதுக்கென்ன? புள்ளைங்க ஒரு கை ஒத்தாச பண்ணக் கூடாதா?"

"பண்ணலாம். தாராளமா பண்ணட்டும். முன் பெஞ்சுப் புள்ளைங்களோட ஷீட்டு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் இப்பவே கெளம்பிப் போயிடறேன்."

"அவங்கள எப்படி அனுப்புறது?" டீச்சருக்கு நிஜமாகவே புரியவில்லை. ஹெட்மாஸ்டரைப் பார்த்து நியாயம் கேட்பதுபோல் சொன்னார்: "அவங்கள அனுப்பினா பாடம் கெட்டுடாதா சார்?"

கேன்டீன்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். டெய்லரம்மா வாயில் கைவைத்தவர் வைத்தபடியே நின்றார். அவரை அவ்வளவு நேரம் பேசாமல் வைத்திருந்த ஒரே வாக்கியம் அதுதான் என்று பிறகு அவரே சொல்லிக்கொண்டார். தான் சொன்னது என்னவென்று எல்லோருக்கும் கடைசியாகத்தான் டீச்சருக்கு உறைத்தது. காது மடல் சிவந்தது.

"நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துல வேணும்னாலும் இருக்கட்டும் டீச்சர். எங்க டிப்போவுல ஒரு வழக்கம். டிரைவர் தூங்கி லேட்டானா டிரைவர் லேட்டுன்னு எழுதுவோம். டிப்போவே வண்டிய நிறுத்தி வெச்சா டிப்போ லேட்டுன்னு எழுதுவோம். அத அவன் தலையில கட்ட மாட்டோம். எம்பொண்ணு வகுப்புல இல்லேன்னு எழுதியிருக்கீங்க. ரொம்பச் சரி, அவ இல்ல. அனுப்பினது யாருன்னு ஏன் எழுதல?"

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, ஒண்ணு பண்ணுவோம். பாப்பாவுக்குத் தனியா ஒரு டெஸ்ட் வெச்சுப் பாப்போம். பாஸானா கணக்குப் பிரிவு."

"முன் பெஞ்சுக்கும் அந்த டெஸ்ட் உண்டா சார்?"

"அவங்களுக்கு எதுக்கு..."

சொல்லும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. மீதியை விழுங்கினார்.

"ஷெட்ல நிறுத்தி வெச்ச வண்டிக்கு ரேஸ் வைக்கிறீங்களே சார். மொதல்ல ஓட விடுங்க. ஓடி நின்னுச்சுன்னா நானே தள்ளிட்டு வந்து தையல் பிரிவுல விடறேன்." படிவத்தை எடுத்து டீச்சரின் முன்னால் வைத்தாள். "இந்த வரிய அடிச்சிட்டு, கீழ காரணம் எழுதுங்க. கேட்ட பிரிவயே குடுக்கலாம்னும் எழுதுங்க. மத்த அஞ்சு பேரு படிவமும் கொண்டு வந்திருக்கேன், அதுலயும் இதே வரிதான். அதுங்க என்ன கேட்டுச்சோ அதான்."

"என்னால முடியாது. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் எனக்கு."

"எனக்குப் பதினெட்டு. நீங்க நாலு வருஷம் சீனியர். அதனால பேனாவ நீங்களே எடுங்க."

டெய்லரம்மா பக்கென்று சிரித்துவிட்டு, இருமல்போல் மாற்றினார்.

டீச்சர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் மேஜைமேல் இருந்த நாற்பத்து மூன்று கையெழுத்துகளைப் பார்த்தார். இந்தக் கட்டு இங்கிருந்து கல்வி அலுவலகத்துக்குப் போனால் அதில் அடுத்த கையெழுத்து யாருடையதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? "எழுதிடுங்க டீச்சர்" என்றார்.

எழுதினார். 'ஆசிரியரின் வேலைகளுக்காக அனுப்பப்பட்டதால்' என்று ஆறு முறை எழுதினார். ஆறாவதில் எழுத்தின் வளைவெல்லாம் நேராகிவிட்டது. எழுதி முடித்ததும் வராந்தாவில் நின்றிருந்த நண்டுவைப் பார்த்து, குரல் உடைந்து, "உன்ன நான் நல்ல பொண்ணுன்னுதானே நெனச்சேன்" என்றார். நடிப்பில்லை, அவருக்கு மனசு வலித்தது.

"நல்ல பொண்ணுன்னா டீ வாங்கிட்டு வரணுமா டீச்சர்?" என்றாள் நண்டு. மரியாதையாகத்தான் கேட்டாள்.

டைமக்கா பெற்றோர் கோட்டில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் மணியும் எழுதினாள். அது கைப்பழக்கம்.

இதைக் கேட்டுவிட்டு, நண்டு அடுத்த வருஷம் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள் என்று எதிர்பார்க்கிறவர்கள் அந்த எதிர்பார்ப்பை இங்கேயே இறக்கி வைக்கலாம். முதல் தேர்வில் முப்பத்தெட்டு. ஒரு வருஷப் பாடத்தை வராந்தாவில் விட்டவளுக்கு வேறென்ன வரும்? "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லத் தெருவில் நாலு பேர் தயாராக இருந்தார்கள். அதற்குள் டைமக்கா அந்த விடைத்தாளைக் கூண்டின் கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்த்து ஒட்டிவிட்டாள். டிரைவர்கள் தலையை நுழைத்து, "என்னக்கா இது?" என்றால், "எம்பொண்ணு மார்க். உள்ள உக்காந்து வாங்கினது" என்பாள். அடுத்தது ஐம்பத்தொன்று. அதற்கடுத்தது நாற்பத்தொன்பது, அதையும் ஒட்டினாள். கடைசிப் பரீட்சையில் எழுபத்திரண்டு வந்தபோது கண்ணாடியில் இடமில்லை. நண்டுவே எல்லாவற்றையும் கிழித்துப்போட்டாள், "மானம் போகுதும்மா" என்று.

கணக்கு டீச்சர் அந்த வருஷ முடிவில் தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். அங்கே டீ வாங்க அவரே நடந்துபோகிறார் என்று ஒரு பேச்சு. அதற்கென்றே ஓர் ஆள் வைத்திருக்கிறார் என்று இன்னொரு பேச்சு. சாப்பாட்டுக் கூடைக்காரன், அவர் மகன், வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். டாக்டர் மகள் கணக்குப் பிரிவைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் அம்மா எவ்வளவு அழுதும் கேட்காமல், ஓவியம் படிக்கப் போனாள். ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். கேன்டீன்காரர் மகள் கேட்டு வாங்கிய வணிகப் பிரிவில் படித்து, இப்போது ஒரு மருந்துக் கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறாள். அங்கேயே கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொண்டாள்.

நண்டு பாலிடெக்னிக் முடித்து, பாலம் கட்டுகிற கம்பெனி ஒன்றில் வரைபடப் பிரிவில் சேர்ந்தாள். நிலம் அளக்கிற பையன் ஒருவனை அவளே பார்த்து, அவளே முடிவுசெய்து, துறைமுக ஊருக்குக் குடிபோய்விட்டாள். பட்டறையை விற்றுவிட்டு வெல்டரும், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு டைமக்காவும் அவளோடு போனார்கள். வீட்டில் இப்போது யாரோ புதுசாகக் குடியிருக்கிறார்கள், பேச்சே இல்லாத ஜனங்கள், ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. டெய்லரம்மாவுக்கு இரண்டு வருத்தம். ஒன்று இது. இன்னொன்று, அந்தக் கல்யாண உடுப்பைத் தன்னிடம் தைக்கக் கொடுக்காமல் துறைமுக ஊரில் எவளிடமோ கொடுத்துவிட்டார்களே என்பது. போட்டோவில் பார்த்தாராம், தோள்பட்டை சரியாகவே உட்காரவில்லையாம்.